யாருடைய சொந்த ஊர்? தாயகம் திரும்பியோரும் சாதியும்

"ஊர்ப்பக்கமே ஒரு வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போய்விடப் போகிறோம்" என்று யாராவது சொன்னால் நாம் சந்தோஷப்படுகிறோம். வாடகை மிச்சம், பெற்றோர் பக்கத்தில், பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஊரில் தனக்கென்று ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்பித்தான் ஒருவர் அப்படிச் சொல்ல முடியும். ஒரு வீடு, ஒரு துண்டு நிலம், குறைந்தபட்சம் மரியாதையாக நடந்துபோக ஒரு தெரு.

நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. வரைபடத்தில் ஒரே பெயர் இருந்தாலும் "ஊருக்குள் போகிறேன்" என்று சேரியிலிருந்து கிளம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படியானால் ஒரு தலித் குடும்பம் "சொந்த ஊருக்குத் திரும்புகிறது" என்றால் அது எங்கே திரும்புகிறது?

தமிழ்நாட்டு வரலாற்றில் இந்தக் கேள்வி லட்சக்கணக்கான குடும்பங்கள் முன்னால் ஒரே நேரத்தில் வந்து நின்ற காலம் ஒன்று உண்டு. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு, கப்பல் ஏற்றி, "உங்கள் ஊருக்குப் போங்கள், அங்கே வேலை தருகிறோம்" என்று சொல்லி அனுப்பின. இலங்கை மலையகத்திலிருந்து வந்த அந்த மக்களை அரசு ஆவணங்கள் "தாயகம் திரும்பியோர்" என்று அழைக்கின்றன. அவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகள். ஆனால் இந்த வரலாறு தலித் வரலாறாக நம் பாடப்புத்தகங்களில் இல்லை. இளம் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போனது எப்படி?

1820களில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. கூலிக்கு ஆள் தேடியவர்கள் கடலுக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், வடஆற்காடு, செங்கல்பட்டு ஆகிய வட்டாரங்களில் பண்ணையாளாகவும் படியாளாகவும் கட்டுண்டு கிடந்த பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. ஆனால் நிலம் மிராசுதார் கையிலேயே இருந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிற்க இடமில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இருந்ததையும் துடைத்தெடுத்தது.

அவர்களை அழைத்துப் போனவர் கங்காணி. அவர் முன்பணம் கொடுத்தார். அந்தக் கடன் தொழிலாளியின் கழுத்தில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் எவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய "துண்டு" வேண்டும். கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் போக முடியும். இந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

மலையில் சாதி இல்லாமல் போய்விடவில்லை. கங்காணிகளில் பலர் நிலவுடைமைச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். லயங்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. கோயில் திருவிழாவில் யாருக்கு என்ன வேலை என்பதையும் சாதியே தீர்மானித்தது. இதை மறைத்து மலையகத்தைச் சமத்துவபுரமாகக் காட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் மாறின. முதலாவது, நிலம் பக்கத்துத் தெரு ஆண்டையிடம் இல்லை, கம்பெனியிடம் இருந்தது. வேலைக்குப் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். செக்ரோலில் பெயர் ஏறியது. பெண்ணுக்கும் தனியாகப் பெயர் போட்டார்கள். அந்தக் கூலியைப் பல நேரம் கணவனே வாங்கினான் என்றாலும் கணக்கில் அவள் ஒரு தொழிலாளி. இரண்டாவது, 1930களிலிருந்து தொழிற்சங்கம் வந்தது. துரை முன்னால் நின்று சம்பளம் கேட்கப் பழகிய ஒரு தலைமுறை உருவானது.

இரண்டு பிரதமர்கள் பங்கிட்ட மக்கள்

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், நான்கைந்து தலைமுறையாக உழைத்த மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோனது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இந்தியா ஏழு பேரை ஏற்க வேண்டும் என்பது விகிதம்.

இந்தக் கணக்கு போட்டபோது சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு விருப்பம் கேட்டு மனு வாங்கியபோது பெரும்பாலோர் இலங்கையிலேயே இருக்கத்தான் மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பிறந்த இடம் பதுளையும் ஹட்டனும் நுவரெலியாவும்தான். ஆனால் இலங்கையின் பங்கு 3,00,000 என்று முன்பே எழுதியாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன, உணவுப் பஞ்சம் வந்தது, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1977-இலும் 1981-இலும் 1983-இலும் வன்முறை நடந்தது. இதற்குப் பிறகு "விருப்பம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்கிறது?

ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு நாட்டுக்கும் கல்யாணமான மகள் இன்னொரு நாட்டுக்கும் என்று பிரிந்தார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி".

குடும்ப அட்டையில் இருந்த ஊர்

புறப்படும் குடும்பத்துக்கு இந்தியத் தூதரகம் ஒரு குடும்ப அட்டை கொடுத்தது. குடும்பத்தினர் பெயர், வயது, சொந்த ஊர், கிடைக்கப்போகும் மறுவாழ்வு உதவி ஆகியவை அதில் இருந்தன. இந்த அட்டைதான் பிறகு அவர்களுடைய பாஸ்போர்ட், ரேஷன், சாதி, அடையாளம் எல்லாவற்றுக்கும் ஆதாரமானது.

தலைமன்னாரிலிருந்து "ராமானுஜம்" கப்பலில் ராமேஸ்வரம். முன்பு கப்பல் தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் முகாம். இந்த மண்டபம் முகாமின் வரலாற்றைக் கவனியுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தொற்றுநோய்க்காகத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்புவதற்காக வெள்ளையர் காலத்தில் நடத்தப்பட்ட முகாம் அது. பாட்டனைச் சோதித்து அனுப்பிய அதே இடத்தில் பேரனைச் சோதித்து உள்ளே விட்டார்கள்.

அங்கிருந்து எங்கே போவது? அட்டையில் ஊர்ப் பெயர் இருக்கிறது. கங்காணி வழி வந்தவர்களுக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு ஊர் இருந்தது. மலையில் சேர்த்த பணத்தில் ஊரில் நிலம் வாங்கியிருந்தார்கள், வீடு கட்டியிருந்தார்கள், கல்யாணம் காட்சிக்கு வந்துபோனார்கள். மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கங்காணியாகப் போய் ஒரு தோட்டத்துக்கே உரிமையாளரானவர். அவர்களுக்கும் ஊர் இருந்தது. தலித் தொழிலாளிக்கு இருந்தது ஊரின் பெயர் மட்டுமே. நூறு வருடத்துக்கு முன்னால் கிளம்பிய பாட்டனாருக்கே சேரியில் சொந்தமாக மனை இல்லை. பேரனுக்கு எங்கிருந்து வரும்?

அந்த ஊர்கள் அப்போது எப்படி இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் 1957 செப்டம்பர் 11 அன்று தியாகி இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் பற்றி எரிந்தது. கிழக்குத் தஞ்சையில் 1968 டிசம்பர் 25 அன்று, அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்ததற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மலையில் சங்கத்தில் இருந்து பழகிய தலித் குடும்பங்களைத்தான் "உங்கள் ஊருக்குப் போங்கள்" என்று இந்த மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். எந்தக் கோப்பிலும் இது ஒரு பிரச்சினையாக எழுதப்படவில்லை. ஏனென்றால் கோப்பு எழுதியவர்கள் பார்வையில் ஊர் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

போய்ச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு பெயரும் கிடைத்தது. இலங்கையில் "இந்தியத் தமிழர்", "கள்ளத்தோணி". இங்கே "சிலோன்காரன்". சேரிக்குள்ளேயே அவர்கள் வேற்றாள். ஊர்த்தெருவுக்கோ அவர்கள் பழைய சாதிதான், அதில் சந்தேகமே இல்லை.

புதிய வேலை

அரசு தந்த மறுவாழ்வு முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, சில ஆயிரம் ரூபாய் தொழில் கடன். பெரும் பகுதியினருக்குக் கிடைத்தது இதுதான். வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்த பெண்ணும் கவ்வாத்து வெட்டிய ஆணும் கடை வைத்து வியாபாரம் செய்ய வேண்டும். எந்தத் தெருவில் கடை வைப்பது? சேரிக்காரர் கையால் யார் காசு கொடுத்துத் தின்பண்டம் வாங்குவார்? இடைத்தரகர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். மீதி சில மாதச் சாப்பாட்டுக்குப் போனது. கடன் மட்டும் நின்றது.

தோட்டத்தில் மாதம் தவறாமல் தன் பெயரில் கூலி எழுதப்பட்ட பெண், இங்கே நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் ஆண்டை கூப்பிட்டால் போகிற கூலியானாள். அவள் கையில் இருந்த திறமைக்குச் சமவெளியில் மதிப்பே இல்லை.

தாக்குப்பிடிக்க முடியாத குடும்பங்கள் மறுபடியும் மலை ஏறின. இம்முறை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும். கொடைக்கானல் மலைக் காடுகளில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் முன்பணம் வாங்கிப் போனவர்கள் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்தது 1980களில் வெளியே வந்தது. கங்காணியின் முன்பணத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காண்ட்ராக்டரின் முன்பணத்தில் விழுந்தார்கள்.

இரண்டாவது வகை, தோட்ட வேலை. 1968-இல் தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்காக அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்று நாம் அறிந்த தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், வால்பாறைப் பகுதிகளில் காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். நட்டது இந்த மக்களின் கைகள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்கும் சிலரை அனுப்பினார்கள்.

இது கொஞ்சம் நல்ல ஏற்பாடுதான். தெரிந்த வேலை, மாதச் சம்பளம், சங்கம் வைக்கலாம், பக்கத்தில் ஆண்டை இல்லை. அதனால்தான் சமவெளிக்குப் போனவர்கள்கூடத் தேடி வந்து கூடலூரில் குடியேறினார்கள். அவர்கள் தேடியது பூர்வீகத்தை விட்டுத் தள்ளி, நிமிர்ந்து நிற்க ஓர் இடம்.

ஆனால் அந்த இடத்திலும் நிலம் அவர்களுக்கு எழுதப்படவில்லை. டான்டீயில் மறுபடி லயம்தான். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வெளியே குடியேறியவர்களின் கதை வேறு மாதிரி. கூடலூர் ஜென்மி நில ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது. அதன் கீழ் "பிரிவு 17 நிலம்" என்று வழக்கில் முடங்கிய நிலங்களில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின்சாரத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. "ஆக்கிரமிப்பாளர்" என்ற பெயர் வேறு.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காடுகள் வெற்றிடமாக இருக்கவில்லை. பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் வாழ்ந்த இடம் அது. நிலமில்லாத ஒரு மக்களைக் குடியமர்த்த, நிலம் பறிக்கப்பட்ட இன்னொரு மக்களின் காட்டையே அரசு எடுத்தது. மிராசுதார் நிலத்தில் கை வைக்கவில்லை.

சான்றிதழ் கேட்ட கேள்வி

தலித் குடும்பங்களுக்கு மட்டுமே வந்த தொல்லை ஒன்று உண்டு. பட்டியல் சாதிச் சான்றிதழ் தரும் விதிமுறை, 1950-இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோது நீயோ உன் தந்தையோ நிரந்தரமாக எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்கிறது. 1950-இல் இந்த மக்கள் கடலுக்கு அந்தப் பக்கம் நாடற்றவர்களாக இருந்தார்கள். வருவாய்த்துறை அலுவலகத்தில் தந்தையின் சான்றிதழ் கேட்டார்கள், பூர்வீக கிராமத்தில் விசாரணை வேண்டும் என்றார்கள். குடும்ப அட்டை தொலைந்துபோன வீடுகளில் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் நின்றன.

கிராமத்துத் தெருவில் ஒருவனின் சாதியைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. தீண்டாமைக்கு ஆவணம் தேவைப்படவில்லை. உரிமைக்கு மட்டும் மூன்று தலைமுறை ஆவணம் தேவைப்பட்டது.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. அதை அம்பேத்கர் முன்பே சொல்லியிருந்தார். 1942-இல் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்டோர் மாநாடு தனிக் குடியிருப்புகளைக் கோரியது. 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" என்ற அறிக்கையில், அரசுத் தரிசு நிலத்தில் பட்டியல் சாதியினரைத் தனிக் கிராமங்களில் குடியமர்த்த ஒரு குடியமர்வு ஆணையம் வேண்டும் என்றார். கிராமத்தில் தீண்டத்தகாதவர் நிலமற்ற சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும்வரை அவருக்கு விடுதலை இல்லை என்பது அவருடைய வாதம். தமிழகத்தில் 1892-லேயே ஒடுக்கப்பட்டோருக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்துவிட்டது. ஆகவே நிலம் தருவது நிர்வாகத்துக்குத் தெரியாத வித்தை இல்லை.

லட்சக்கணக்கான நிலமற்ற தலித்துகளை ஓர் அரசு தன் பொறுப்பில் குடியமர்த்திய சந்தர்ப்பம் இது. அவர்களைப் பயிர் தெரிந்த சிறு விவசாயிகளாக, கூட்டுறவுத் தேயிலை உற்பத்தியாளர்களாக ஆக்கியிருக்கலாம். அரசு அவர்களைக் கடனாளிகளாகவும் கூலிகளாகவும் ஆக்கியது. வேலை கொடுத்தது, நிலம் கொடுக்கவில்லை. அதன் விளைவை இப்போது பார்க்கிறோம். 2022 அக்டோபரில், நட்டம் என்று காரணம் சொல்லி டான்டீயின் சுமார் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்க ஆணை வந்தது. தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் "எங்கே போவது?" என்று தெருவில் நின்று கேட்டார்கள். அவர்கள் பூர்வீக ஊருக்குப் போகலாமே என்று சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பகுதியினர் 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்த மலையக வம்சாவளியினர். இந்தியக் குடியுரிமைக்கு ஒப்பந்தப்படி தகுதி இருந்தும், வந்த வழி வேறு என்பதால் முகாம்களில் நாடற்றவர்களாகவே வாழ்கிறார்கள். இலங்கை 2003-இல் ஒரு சட்டம் போட்டுத் தன் மண்ணில் எஞ்சியிருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இந்தியா தான் ஏற்றுக்கொண்ட பங்கை இன்னும் முடிக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஊருக்குத் திரும்புவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆசிரியராக, செவிலியராக, கிராம நிர்வாக அலுவலராகத் தன் பகுதிக்கே வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகும் நம் தம்பி தங்கைகள் எத்தனையோ பேர். அவர்கள் போவதால் சேரியில் ஒரு படித்த வீடு கூடுகிறது. அது பெரிய விஷயம். ஆனால் வேலை மட்டும் ஊரைச் சொந்தமாக்காது. மனைப்பட்டா யார் பெயரில், தண்ணீர் எந்தக் குழாயில், சுடுகாட்டுக்கு எந்தப் பாதை, சான்றிதழ் யார் கையில் என்ற கேள்விகளுக்குப் பதில் மாறினால்தான் ஊர் சொந்தமாகும்.

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாயகம் திரும்பிய தலைமுறையில் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய குடும்ப அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். அதில் சொந்த ஊர் என்று எழுதியிருப்பதைக் காட்டி, அங்கே போனீர்களா, போனபோது என்ன நடந்தது, ஏன் மறுபடி மலை ஏறினீர்கள் என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி வையுங்கள். பட்டா வழக்கிலும் சான்றிதழ் வழக்கிலும் நாளை அது ஆதாரமாக நிற்கும். அரசுக் கோப்புகள் "மறுவாழ்வு வழங்கப்பட்டது" என்று முடித்துவிட்ட கணக்கை நாம்தான் மறுபடி திறக்க வேண்டும்.

ஜெய்பீம்.